முதலில் விடுவது கை

எங்கள் ஊர்ப்பக்கம் ஆண்பிள்ளைக்கென்று வீடு கிடையாது. பிறந்த வீடு சகோதரிக்குப் போகும். கலியாணம் முடித்தால் பெண்சாதியின் வீட்டில் போய் இருப்போம். பிறகு உழைத்து ஒரு வீடு கட்டினால் அது மகளுக்கு. இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இதுதான் வழக்கம். இதில் எனக்கு ஒருநாளும் மனக்குறை இருந்ததில்லை. குடும்பம் நல்லபடி நடக்கும்வரைக்கும் இது யாருடைய வீடு என்று எந்த ஆண்தான் யோசிக்கிறான்? பிரியும்போதுதான் தெரியவரும். யாரும் யாரையும் கத்தி வெளியே தள்ளத் தேவையில்லை. வீடு அவளுடையது, ஆகவே போகிறவன் நான். ஒரு பேக்கில் உடுப்பை மடித்து வைத்துக்கொண்டு, நிந்தவூரில் அந்த வீட்டுக் கேற்றைச் சாத்திவிட்டு வந்தேன். மகள் சின்னப் பிள்ளை. அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அதற்குப் பிறகு கட்டார் நாட்டுக்கு உழைக்கப் போனேன். பெரிய களஞ்சியம் ஒன்றில் சாமான் பார்த்து ஏற்றி இறக்குகிற வேலை. உழைத்ததில் மகளுக்கு வீடு எழும்பியது, தாயின் வீட்டுக்குப் பக்கத்து வளவில். அத்திவாரம் போட்டது, லிண்டல் கட்டியது, ஓடு போட்டது எல்லாவற்றையும் என் மச்சான், அதாவது பிரிந்துபோன மனைவியின் அண்ணன், போனில் படம் பிடித்து அனுப்புவார். நான் அந்த வீட்டைப் படத்தில் மட்டும்தான் கண்டேன். மகளோடு கதைப்பதும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வெள்ளிக்குவெள்ளி. பிறகு பெருநாளைக்குப் பெருநாள். "சுகமா மகள்?" என்பேன். "சுகம் வாப்பா." "படிக்கிறயா?" "ஓம்." அதற்கு மேல் ரெண்டு பேருக்கும் வாயில் ஒன்றும் வராது. கடைசியில் அதுவும் நின்றது. கோபத்தில் நிறுத்தியதல்ல. கோடைக்குக் குழாயில் தண்ணீர் மெலிந்து மெலிந்து நிற்குமே, அப்படி நின்றுபோனது.

இடுப்பு நோவையும் சீனி வருத்தத்தையும் சம்பாதித்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். தங்கச்சி வீட்டில் ஒரு அறை தரத் தயாராக இருந்தார்கள். அவளுடைய மருமகன் புதிதாக வந்த வீடு. ஒரு வீட்டில் ஒரு மாப்பிள்ளை கூச்சப்பட்டுக்கொண்டு இருப்பது போதாதா, நான் வேறு எதற்கு? கல்முனைக்குடியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே அறை எடுத்தேன். இரும்புச் சாமான் கடை ஒன்றில் வேலையும் கிடைத்தது.

தனியாக இருப்பவனுக்குச் சாதாரண நாட்களில் பெரிய பிரச்சினை இல்லை. கடையில் கதைக்க ஆள் இருக்கும், பள்ளிவாசலில் ஸலாம் சொல்ல ஆள் இருக்கும், சாப்பாட்டுக் கடையில் பார்சல் கட்டித் தருவார்கள். பெருநாள்தான் பிரச்சினை. தொழுகை முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்து, கைகொடுத்து முஸாபஹா செய்துவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு விறுவிறு என்று போவார்கள். நான் மட்டும் மெல்ல நடப்பேன். அன்றைக்கு ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையும் திறக்காது என்பதை முதலாம் வருசம் நான் யோசிக்கவில்லை. முழு ஊரும் புரியாணி தின்ற பகலில் நான் கட்டிலில் இருந்து தேத்தண்ணீரில் கிறீம் கிறாக்கர் பிஸ்கட்டைத் தொட்டுத் தின்றேன். தங்கச்சி வீட்டிலிருந்து சாப்பாடு வந்து சேர்ந்தபோது பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. அதைத் தின்னப் பிடிக்கவில்லை. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜிம்முக்குப் போகச் சொன்னது டொக்டர். "நடங்க, இல்லாட்டி பாரம் தூக்குங்க. இப்பிடியே இருந்தீங்கண்டா இடுப்பு கட்டிப்போயிரும்," என்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவனின் சாமானைத் தூக்கி இடுப்பைக் கெடுத்தவனுக்கு, இனிக் காசு கட்டித் தூக்கு என்று ஒரு வைத்தியம். சிரிப்பு வந்தது. ஆனாலும் போனேன். கடைக்கும் அறைக்கும் நடுவில், ஒரு மாடியில்தான் அந்த ஜிம் இருந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஆள் இருக்காது, என்னை யாரும் பார்க்கமாட்டார்கள். அதுதான் உண்மையான காரணம்.

சுற்றிவரக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் தொந்தியோடு ஒரு மனிசன் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடற்காற்றுக்கு இரும்புத் தட்டெல்லாம் கறள் ஏறி, தொட்டால் உள்ளங்கை சிவப்பாகும். அங்கே பயிற்சி கொடுக்கிறவருக்கு முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும், கதவை அடைக்கிற மாதிரி உடம்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு நன்மை கிடைக்கட்டும். "வாங்க காக்கா. இடுப்பா, சீனியா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"ரெண்டும்."

"அப்ப நல்லம். ஒரு மருந்துதான்."

தரையில் கிடக்கிற கம்பியைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து நின்று, திரும்பத் தரையில் வைப்பது. டெட்லிஃப்ட் என்பார்கள். இதற்கு ஒரு பெயரா என்று நினைத்தேன். முதல் கிழமை வெறும் கம்பியைத்தான் தந்தார். நான் நெல் மூட்டை தூக்கின ஆள், என்னைப் போய் இப்படி அவமானப்படுத்துகிறாரே என்று உள்ளுக்குள் முறுகினேன். பிறகு ரெண்டு பக்கமும் சின்னத் தட்டு. அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம். மாதங்கள் போகப்போக இடுப்பு இளகியது, கால் உறுதியானது. கை மட்டும் அப்படியே இருந்தது. பாரம் கூடினதும் முழங்கால்வரை கம்பி வரும், அதற்குள் விரல்கள் தானாக விரியும். தடாரென்று கீழே விழும். கீழ்த்தட்டுக் கடைக்காரர் கத்துவார்.

"காலுக்கு ஏலும், முதுகுக்கு ஏலும். கைதான் முதல்ல உடுது," என்றார் பயிற்சியாளர். "கை உட்டாச் செரி, மத்ததெல்லாம் இருந்து என்ன செய்யிற?"

"கையையும் கம்பியையும் சேத்துப் பட்டி ஒண்டு கட்டித் தாங்களன். அந்தப் பெடியன்மார் கட்டுறாங்கதானே."

"பட்டி கட்டினாப் பட்டிதான் புடிக்கும். நீங்க புடிக்கிறல்ல." கம்பியைக் காலால் உருட்டி என் முன்னால் விட்டார். "இரும்பு உங்களப் புடிக்காது காக்கா. நீங்கதான் இரும்பப் புடிக்கணும்."

அந்த ஆளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பு, பல்லிக்குப் பயம். ஒருநாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒரு பல்லி வந்து கம்பிக்குக் கிட்ட விழுந்தது. மனிசன் படுத்துப் பாரம் தூக்குகிற வாங்கில் ஏறி நின்றுவிட்டார். நான்தான் துடைப்பத்தால் அதை வெளியே அனுப்பினேன். இறங்கி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளிய கதைச்சிராதீங்க," என்றார். அன்றிலிருந்துதான் எனக்கு அவரைப் பிடித்தது. உடம்பு உரம் ஏறினால் பயம் போய்விடும் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது பொய்யென்று அந்தப் பல்லி காட்டிவிட்டுப் போனது.

ஒரு பின்னேரம் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கும்போது மச்சானின் போன் வந்தது.

"மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டு மச்சான். மாப்புள மருதமுனை. நல்ல புள்ள, படிப்பிக்கிறார். நீங்கதானே வலிகாரர். உங்களுக்கு ஏலுமான நாளப் பாத்து வெப்பம்."

வலிகாரர் என்றால் பெண்ணைக் கலியாணம் முடித்துக் கொடுக்கிற பொறுப்பாளி. தகப்பன் உயிரோடு இருந்தால் அது தகப்பன்தான். பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு போவதில்லை. சபையில் மாப்பிள்ளைக்கு முன்னால் இருந்து, அவருடைய கையைப் பிடித்து, என் மகளை உனக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். வர ஏலாதவர்கள் மௌலவியிடம் வக்காலத்துக் கொடுப்பார்கள். எனக்குப் பதிலாக நீங்கள் நடத்துங்கள் என்று அனுமதி கொடுப்பதுதான் அது. கட்டாரில் இருந்த காலத்தில் கூட வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர் போனில் அப்படிக் கொடுத்ததைக் கண்டிருக்கிறேன்.

"நல்ல விசயம் மச்சான், அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். "நான் வந்து என்னத்துக்கு உங்களுக்கெல்லாம் கரைச்சல்? மௌலவிட்ட வக்காலத்துக் குடுத்திர்ரன். அவர் நடத்தட்டும்."

"செரி, நீங்க சொன்னாச் செரி," என்று மச்சான் போனை வைத்துவிட்டார்.

பெரிய மனிசத்தனமாக நடந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன். பிரிந்தவன் நடு வீட்டில் வந்து நின்று அவர்களுடைய சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாது, பிள்ளைக்கும் கூச்சம் வரக் கூடாது என்று எனக்கு நானே நல்ல நல்ல காரணம் சொன்னேன். கட்டாரில் இருந்து கொடுத்தால் அது வசதிக்கு. பக்கத்து ஊரில் இருந்துகொண்டு கொடுத்தால் அதை மறுப்பு என்றுதான் எங்கள் ஆட்கள் எடுப்பார்கள். இது எனக்குத் தெரியாததா? எத்தனை கலியாணத்தில் நானே இருந்து, "வாப்பாக்காரன் வரல்லியே, என்னமோ இரிக்கு," என்று காதோடு காது கதைத்திருக்கிறேன். பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

ரெண்டு, மூன்று நாளில் மச்சான் கடைக்கே வந்தார். வெயிலில் வந்த முகம். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"மாப்புள வீட்டாக்கள் கேக்காங்க, வாப்பாக்கு விருப்பமில்லியா எண்டு."

"அப்பிடி ஒண்டுமில்ல மச்சான்."

"எனக்குத் தெரியும். ஆக்களுக்குத் தெரியணுமே." அவர் ஒரு பூட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "புள்ள உம்மாட்டக் கேட்டிரிக்கா, வாப்பாக்கு என்னப் புடிக்காதா எண்டு."

கடையில் ஆள் நின்றார்கள். "நான் வாறன் எண்டு சொல்லுங்க," என்றேன்.

"உறுதியாச் சொல்லவா? மண்ணாங்கட்டி மாதிரி நான் போய்ச் சொல்லி, அண்டைக்கு நீங்க வராட்டி, சபையில அந்தப் புள்ளட முகத்தப் பாக்கேலா மச்சான்."

"சொல்லுங்க. வாறன்."

அவர் போனதும் உள்ளங்கையைப் பார்த்தேன். தண்ணீரில் கழுவினது போல வியர்த்திருந்தது.

எனக்கு என்ன பயம் என்று யாரும் கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். ஏசுவார்கள் என்று பயமில்லை. ஏசினால் நல்லது, ஏசுகிறவர்களுக்கு நம்மைத் தெரியும். பழைய மனைவியைக் காண்பதற்கும் பயமில்லை. எங்களுக்குள் பகையில்லை. என் பயம் இவ்வளவுதான்: அந்த வீட்டுக் கேற்றுக்கு முன்னால் போய் நிற்பேன். உள்ளே இருந்து யாரோ ஒருவர் வருவார். வந்து, "ஆரு நீங்க?" என்று கேட்பார். வருசக்கணக்காக என் நெஞ்சில் கிடந்து என்னைத் தின்றது அந்த ஒரு கேள்விதான். வெளிநாட்டிலிருந்து வந்து இவ்வளவு காலமாகியும், பைசிக்கிளில் போகிற தூரத்தில் இருந்துகொண்டு, நான் நிந்தவூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வீதியால் பஸ்ஸில் போனாலும் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வேன்.

அடுத்த நாள் ஜிம்மில் கம்பி வழக்கத்தை விடக் கெதியாகக் கையை விட்டுப் போனது. "என்ன, ராவைக்குச் சாப்பிடல்லியா?" என்றார் பயிற்சியாளர். வேறு ஒருவரும் இல்லாததால் முழுதும் சொன்னேன். சொல்லி முடிந்ததும் ஒரு அறிவுரைப் பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் தட்டுகளைக் கழற்றிக்கொண்டே, "உங்களுக்கு இன்னும் பயமா?" என்றார்.

"பயம்தான். போகத்தான் போறன், இந்தப் பயம் கொஞ்சம் தணியட்டும்."

"பயம் போனாப்பொறகு தூக்குவம் எண்டு நிண்டா, நான் ஜிம்மப் பூட்டிட்டு ஊட்ட போயிருவன். கம்பியப் பாத்துட்டு நிக்க நிக்கப் பாரம் கூடும். நீங்களும் பாத்துட்டுத்தான் நிக்கிறீங்க, எத்தின வருசமா?" பிறகு என் முகத்தைக் கண்டு குரலைத் தணித்தார். "முதல் நாளே முழுப் பாரத்தையும் ஏத்தாதீங்க காக்கா. வெறும் கம்பியில தொடங்குங்க."

அவர் சொன்னது கம்பிக்கா, நிந்தவூருக்கா என்று நான் கேட்கவில்லை. வந்த வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தேன். சாய்ந்தமருதைத் தாண்டிக் காரைதீவுச் சந்திவரைதான் போக முடிந்தது. நெஞ்சு அடிக்கிற சத்தம் ஹெல்மெட்டுக்குள்ளே கேட்டது. ஓரமாக நிறுத்தி ஒரு பிளேன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். தோற்றுப்போய்த் திரும்பினேன் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அறைக்கு வந்து முகம் கழுவும்போதுதான், இது வெறும் கம்பி என்று நினைவு வந்தது.

அடுத்த வெள்ளி காரைதீவைத் தாண்டினேன். ரெண்டு பக்கமும் வயல், கதிர் வந்து பச்சை மாறுகிற நேரம். அங்கேயே நிறுத்தி, காற்றில் நின்றேன். அதற்கடுத்த வெள்ளி நிந்தவூர் பஸார்வரை. ஒரு கடையில் தேவையில்லாத ஒரு டோர்ச் லைட் வாங்கினேன். கடைக்காரர் என்னை அடையாளம் காணவில்லை. காணாதது நிம்மதியாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் பயம் அதே அளவில்தான் வந்தது, குறையவில்லை. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக ஏலும் என்பது மட்டும் கூடிக்கொண்டு போனது. ஜிம்மில் நான் ஒரு வருசமாகச் செய்துகொண்டிருந்ததும் அதுதானே. இடுப்புக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலியாணத்துக்கு முந்தின வெள்ளி, வீடு இருக்கிற அந்த ஒழுங்கைக்குள் திரும்பினேன். லைட் போஸ்ட் ஒன்றுக்குக் கீழே நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. போனில் கண்ட வீடு அங்கே இருந்தது. படத்தில் சுவருக்குப் பெயின்ற் இல்லை, இப்போது வெள்ளை அடித்திருந்தார்கள். கேற் பச்சை. பந்தலுக்குக் கம்பு இறக்கிக் கிடந்தது. அந்த நேரம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. தாயும் மகளும் பைகளோடு இறங்கினார்கள். தாய் மெலிந்திருந்தாள். மகள் நடந்த நடையைத்தான் பார்த்தேன். ஒரு தோளைச் சற்றுச் சரித்துக்கொண்டு நடக்கிற அந்த நடை என்னுடையது. நான் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, நேரே நிமிர்ந்து நில்லுங்க காக்கா என்று திட்டு வாங்கிய அதே கோணல். பிள்ளை என் பக்கம் ஒருதரம் பார்த்தாள். ஹெல்மெட் போட்ட எவனோ ஒருவன் நிற்கிறான், அவ்வளவுதான். கேற்றைத் திறந்து உள்ளே போனார்கள். கூப்பிட்டிருக்கலாம். இருபது அடி இருக்காது. கூப்பிட வாய் வரவில்லை. அவர்கள் கேற்றைச் சாத்தினதும் நான் அங்கே நின்ற நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நான் ஆகத் தனியாக நின்ற நேரம்.

அதைச் சொன்னபோது பயிற்சியாளர் ஏசவில்லை. "ஆகக் கூடின பாரத்த ஒவ்வொரு நாளும் தூக்கிற இல்ல," என்றார். "அத உரிய நாளையில ஒருக்காத்தான் தூக்குற. போங்க, இந்தக் கிழமை இஞ்ச வராதீங்க. கையுக்கு ஓய்வு குடுங்க."

கலியாணத்தன்று வெள்ளை சேர்ட், வெள்ளைச் சாறன், புதுத் தொப்பி. மோட்டார்சைக்கிளை ஒழுங்கை முகப்பிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். பந்தலுக்குள் பாய் விரித்திருந்தார்கள். கேற்றுக்கு முன்னால் வாடகைக் கதிரை இறக்குகிற ஒரு ஆள், தோளில் நாலு கதிரையோடு நின்றார். அவர் ஊர்க்காரர் கூட இல்லை. வழியை மறித்து நின்ற என்னைப் பார்த்து, கதிரையை இறக்காமலே கேட்டார்.

"ஆரு நீங்க? ஆரத் தேடுறீங்க?"

இவ்வளவு வருசம் நான் பயந்து ஒளித்த கேள்வி, கதிரை தூக்குகிற ஒருவரின் வாயிலிருந்து, வழிவிடுங்கள் என்பது போலச் சாதாரணமாக வந்தது. நெஞ்சு அடித்தது. ஜிம்மில் செய்வது போல மூச்சை வயிற்றுக்குள் இழுத்துப் பிடித்தேன்.

"பொம்புளட வாப்பா," என்றேன்.

"அட, சொல்லப்புடாதா? உள்ளுக்குப் போங்க," என்று ஒதுங்கி வழிவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் போய் இத்தனை வருசம்.

உள்ளே மச்சான் என்னைக் கண்டதும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மனிசன் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. நிக்காஹுக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். ரெண்டு சாட்சிகளோடு என்னை அறைக்குக் கூட்டிப்போனார்கள். நான் காசு அனுப்பிக் கட்டிய அறை. பெண்கள் ஒதுங்கினார்கள். மகள் கட்டிலின் ஓரத்தில் முகத்தைத் தாழ்த்தி, முக்காட்டோடு இருந்தாள். மருதாணிக் கை ரெண்டும் மடியில் இருந்தன.

மாப்பிள்ளையின் பெயரையும், அவர் பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் எவ்வளவு என்பதையும் சொன்னேன். "இவருக்கு உன்ன முடிச்சிக் குடுக்க எனக்கு உத்தரவு தாறயா மகள்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. "பொம்புள பேசாம இருந்தாலும் அது சம்மதம்தான், வாங்க," என்றார் ஒரு சாட்சி. அது உண்மைதான், மார்க்கத்தில் அப்படித்தான். ஆனால் என்னால் அசைய முடியவில்லை. அந்த மௌனம் சாட்சிக்குச் சம்மதம், எனக்கு அது என்னவென்று தெரியவேண்டியிருந்தது.

முக்காட்டுக்குள் இருந்து குரல் வந்தது. "நீங்க வரமாட்டீங்கண்டு சொன்னாங்க."

"வந்திட்டன் மகள்."

"ஓம்," என்றாள். கொஞ்சம் கழித்து, சாட்சிகளுக்கும் கேட்கிற மாதிரி, "உத்தரவு தாறன்," என்றாள்.

சபையில் மாப்பிள்ளைக்கு முன்னால் இருந்தேன். கையைப் பிடித்தோம். பெடியனின் கை குளிர்ந்திருந்தது. இந்தப் பிள்ளையும் இன்றைக்கு உடுப்புப் பெட்டியோடு ஒரு பெண்ணின் வீட்டுக்கு வந்து இருக்கப் போகிறான் என்று நினைத்தேன். கலியாணப் பதிவுக்காரர் சொல்லித்தரச் சொல்லித்தர, ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். கை விடவில்லை. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். துஆ ஓதினார்கள்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப்போய், பெண்ணின் கையைப் பிடித்து அவருடைய கையில் கொடுக்க வேண்டும். அதுவும் வாப்பாவின் வேலை. அறை முழுக்கப் பெண்கள், போன் கமராக்கள். கதவோரத்தில் மகளின் தாய் நின்றாள், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். நான் மகளின் வலது கையை எடுத்தேன். நான் கடைசியாகப் பிடித்தபோது அந்தக் கை என் ரெண்டு விரலைத்தான் சுற்றியிருக்கும். இப்போது என்னுடைய கையளவு இருந்தது. மாப்பிள்ளை கையை நீட்டினார். இதைக் கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் என் வேலை முடிந்தது. சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம். கிறீம் கிறாக்கரும் கட்டிலும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாப்பிள்ளையின் கைக்கு மேலே அவளுடைய கையை வைத்துவிட்டு, நான் விரல்களை விரித்தேன்.

என் கை வரவில்லை. அவள் பிடித்திருந்தாள்.

"மகள், ஆக்கள் பாத்துட்டு இரிக்காங்க," என்றேன் மெல்ல.

"பாக்கட்டும்," என்றாள். "இன்னம் கொஞ்சம் நில்லுங்க வாப்பா."